விருந்தாளியும் வீதிப் போராட்டமும்

பிரயாணிகளுக்கென எழுதப்படும் வழிகாட்டி நூல்கள் பலவற்றைச் சொல்லும். எந்தக் கோயில் எத்தனை மணிக்குத் திறக்கும், எந்தக் கடையில் பட்டு மலிவு, எந்தத் துறையில் படகு ஏறவேண்டும் என்பனவெல்லாம் அவற்றில் உண்டு. ஆனால் அந்நகரத்து மக்கள் இலட்சக் கணக்கில் வீதிக்கு இறங்கும் நாளில், அவர்தம் மொழியறியாத ஓர் அயலவன் எங்கே நிற்பது, எந்தத் திசையில் நடப்பது என்பதை அவை சொல்வதில்லை. 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் தொழில் நிமித்தமாக ஹொங்கொங் நகரில் பத்து நாட்கள் தங்க நேர்ந்தபோது இக்குறையை நன்கு உணர்ந்தேன். அங்கு கற்றவை வெளிநாடு செல்லும் அன்பர்களுக்குப் பயன்படலாம் என்ற எண்ணத்தில் இதனை எழுதுகிறேன்.

அவ்வாண்டின் கொந்தளிப்புக்கு ஒரு மசோதாவே வித்தாயிற்று. குற்றஞ்சாட்டப்பட்டோரைச் சீனப் பெருநிலத்துக்கும் ஒப்படைக்க வழிவகுத்த மசோதா அது. ஜூன் 9ஆந் திகதி நடந்த ஊர்வலத்தில் பத்து இலட்சம் பேர் கலந்துகொண்டனர் என்றனர் அமைப்பாளர்; உச்ச நேரத்தில் 2,40,000 பேர் என்றனர் பொலிஸார். எந்தக் கணக்கைக் கொண்டாலும், சுமார் 75 இலட்சம் மக்கள் வாழும் நகருக்கு அது பெருந்தொகையே. மசோதா மீளப் பெறப்படுமென நகர நிருவாகத்தின் தலைவி கரி லாம் செப்டெம்பர் 4ஆந் திகதி அறிவித்தார். அதற்குள் பொலிஸாரின் நடத்தை பற்றிய சுதந்திர விசாரணை, சர்வசன வாக்குரிமை என வேறு கோரிக்கைகளும் வேரூன்றிவிட்டன. நான் போய்ச் சேர்ந்தபோது சனி, ஞாயிறு என்றாலே எங்கோ ஒரு மூலையில் மோதல் என்ற நிலை.

இலங்கையராகிய எமக்கு ஊரடங்குச் சட்டம் புதியதன்று. அறிவித்தல் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்போம். நீக்கினால் வெளியே வருவோம். ஹொங்கொங்கில் இப்பழக்கம் உதவவில்லை. அங்கே ஊரடங்கு இல்லை. ஒரு வீதியில் கண்ணீர்ப்புகை எழும்போது, நான்கு வீதிகளுக்கு அப்பால் மணப்பெண் ஒருத்தி நகை தெரிந்துகொண்டிருப்பாள். ஆதலால், நகரம் ஆபத்தானதா என்று கேட்பதில் பயனில்லை. எந்தச் சந்தி, எத்தனை மணி, கூட்டம் எத்திசை நோக்கிப் போகிறது என்றே கேட்க வேண்டும். நிலக்கீழ்ப் புகையிரதங்களும் அவ்வாரங்களில் வழமைக்கு முன்னரே நின்றன. ஊர்வலப் பாதையிலுள்ள நிலையங்கள் மூடப்பட்டன. எந்த நிலையம் மூடப்படுகிறது என்ற அறிவித்தலே அன்றைய ஆபத்தின் வரைபடமாயிற்று. காலையில் அதனைப் பார்த்த பின்னரே என் வேலைகளை ஒழுங்கு செய்வேன்.

நான் தங்கிய சிறு விடுதி, கௌலூன் பகுதியில் நேதன் வீதியிலுள்ள சுங்கிங் மன்ஷன்ஸ் என்னும் 17 மாடிக் கட்டடத்தில் இருந்தது. 1961இல் எழுந்த அக்கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தென்னாசியரும் ஆபிரிக்கரும் நடத்தும் நாணயமாற்றுக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் நெருங்கிக் கிடக்கும். அங்கே தமிழ்நாட்டுக் கரையோர ஊரொன்றைச் சேர்ந்த முஸ்லிம் பெரியவர் ஒருவரின் அறிமுகம் கிடைத்தது. பல ஆண்டுகளாக அந்நகரில் வாணிபம் செய்பவர். ஒக்டோபர் 20ஆந் திகதி, ஞாயிறு காலை தேநீர் அருந்தும்போது, பொலிஸ் அனுமதி மறுக்கப்பட்ட ஊர்வலமொன்று அன்று அவ்வழியே வரப்போவதாக அவர் சொன்னார்.

“பயமாக இருக்கிறதா, பாய்?” என்றேன்.

“கூட்டம் வரும்போது பயமில்லை தம்பி, கலையும்போதுதான் பயம். கடைக்காரங்க கதவை இழுக்கிற சத்தம் கேட்டா வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்காதீங்க. ஏறி வந்திடுங்க.”

அவர் சொல்லில் அனுபவம் இருந்தது. நடந்து செல்லும் ஊர்வலத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஜூன் 16ஆந் திகதிப் பெருங்கூட்டம், நோயாளர் வண்டியொன்றுக்கு வழிவிட்டு நீர்போல இரண்டாகப் பிளந்து பின்பு கூடியதை உலகமே படத்திற் கண்டது. ஆனால் பொலிஸார் கலைக்கத் தொடங்கியதும் அந்த ஒழுங்கு குலைகிறது. ஒழுங்கைகளுக்குள் ஓடுகின்றவர் யார், ஒதுங்கி நிற்பவர் யார் எனத் துரத்துகின்றவருக்குத் தெரிவதில்லை.

அந்நகரப் பொலிஸார் பதாகை காட்டி எச்சரித்தனர். நீலம் காட்டினால் கூட்டம் சட்டவிரோதமானது எனப் பொருள். கறுப்பு காட்டினால் கண்ணீர்ப்புகை வரும். மொழியறியாதவனும் நிறமறிந்து விலகலாம். ஆனால் பதாகை கண்ணிற் படும் தூரத்தில் நிற்பதே அயலவனுக்கு அதிகம் என்பது என் கருத்து.

உடையின் நிறமும் அங்கே பேசிற்று. போராட்டக்காரர் கறுப்பு அணிந்தனர். ஜூலை 21ஆந் திகதி இரவு, யுவன் லோங் புகையிரத நிலையத்தில் வெள்ளைச் சட்டையணிந்த கும்பலொன்று தடிகளோடு புகுந்து, போராட்டக்காரரையும் சாதாரண பிரயாணிகளையும் ஒருங்கே அடித்தது. ஆகவே கறுப்பும் வேண்டாம், வெள்ளையும் வேண்டாம் என்று சாம்பல் நிறச் சட்டையோடு திரிந்தேன்.

கண்ணீர்ப்புகை பற்றியும் சில வார்த்தைகள். புகை பட்டால் கண்ணைக் கசக்கலாகாது. நல்ல தண்ணீரால் நிறையக் கழுவ வேண்டும். புகை தாழ்ந்து படிவதால் மேட்டிடத்தையும், காற்று வரும் திசையையும் நாடுவது நன்று. கண்ணுக்குள் வில்லை வைப்போர் அந்நாட்களில் மூக்குக் கண்ணாடி அணிவதே உத்தமம். முகத்தைத் துணியால் மூடிக்கொள்வதிலோ வேறொரு சிக்கல் இருந்தது. ஒக்டோபர் 5ஆந் திகதி முதல் பொதுக்கூட்டங்களில் முகம் மறைப்பது குற்றமாக்கப்பட்டிருந்தது. ஓராண்டுச் சிறையும் 25,000 ஹொங்கொங் டொலர் அபராதமும் விதிக்க இடமிருந்தது. புகைக்கு அஞ்சிக் கட்டிய கைக்குட்டை வழக்குக்குக் காரணமாகலாம். எனவே புகைக்கு மருந்து தேடுவதிலும் பார்க்கப் புகையில்லாத தெருவைத் தேடுவதே அறிவு.

அன்று பிற்பகல் ஊர்வலம் வந்தது. கட்டட வாசலில் அச்சம் குடிகொண்டிருந்ததற்குத் தனிக் காரணம் இருந்தது. சில நாட்களுக்கு முன் போராட்ட அமைப்பாளர் ஒருவர் சுத்தியல்களால் தாக்கப்பட்டிருந்தார். தாக்கியோர் தென்னாசியர் என்ற பேச்சுப் பரவி, சுங்கிங் மன்ஷன்ஸையும் அருகிலுள்ள பள்ளிவாசலையும் பழிவாங்குவார்கள் என்ற கதையும் உலாவியது. என் தோலின் நிறம் அன்று எனக்கு நினைவில் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் நடந்தது வேறு. அக்கட்டடத்துத் தென்னாசியர் வாசலில் நின்று ஊர்வலத்தினருக்குத் தண்ணீர்ப் போத்தல்கள் வழங்கினர். வந்தவர்கள் கைதட்டி ஆரவாரித்தனர். பின்னர் பொலிஸாரின் நீர்பீரங்கி வண்டி பீய்ச்சிய நீலச்சாய நீர் பள்ளிவாசலின் வாயிலிலும் படிகளிலும் விழுந்தது. அச்சாயத்தைத் துடைக்க இன, மத பேதமின்றி மக்கள் ஓடிவந்தனர். மறுநாள் கரி லாம் அங்கு சென்று வருத்தம் தெரிவித்தார். கதவுகள் இழுபடும் ஓசை கேட்டபோது நான் மேல்மாடிக்கு ஏறிவிட்டேன். துடைத்த செய்தியைப் பெரியவர் இரவு வந்து சொல்லித்தான் அறிந்தேன்.

நிற்க. ஊர் திரும்புவதும் ஒரு கலையே. ஓகஸ்ட் 12ஆந் திகதியும் மறுநாளும் போராட்டத்தால் விமானப் போக்குவரத்துக் குலைந்தபின், பயணச்சீட்டுள்ளோரையே விமான நிலையத்துக்குள் விட்டனர். சீட்டை அச்சிட்டுக் கடவுச்சீட்டோடு கையில் வைத்திருந்தேன். வழக்கத்திலும் மூன்று மணி நேரம் முன்னதாகவே புறப்பட்டேன்.

இன்று அவ்வீதிகளில் அத்தகைய ஊர்வலங்கள் இல்லை. 2020 ஜூன் 30ஆந் திகதி நடைமுறைக்கு வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டமும், 2024 மார்ச்சில் வந்த உள்ளூர்ச் சட்டமும் நிலைமையை மாற்றிவிட்டன. 2024இல், அக்காலப் போராட்டச் சுலோகம் பொறித்த சட்டை அணிந்ததற்காக ஒருவர் 14 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். பிரயாணி இன்று அங்கே கவனிக்க வேண்டியது கூட்டத்தையன்று. தன் சொல்லையும் உடையையும் கைத்தொலைபேசியையுமே.

கைத்தொலைபேசியைச் சொன்னேன். அதைப் பற்றியே முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். ஊர்வலத்தைப் படமெடுப்பது எளிது. ஆனால் அதில் பதியும் ஓர் இளைஞனின் முகம், நாளை எவர் கண்ணில் படும் என்பதைப் படமெடுத்தவன் அறியான். நான் மாடிச் சாளரத்திலிருந்து எடுத்த படங்களில் குடைகளே தெரிகின்றன. அயலவனுக்கு விமானச் சீட்டு உண்டு. ஆபத்து முற்றினால் அவன் போய்விடலாம். அங்கேயே பிறந்து, கடை நடத்தி, பிள்ளைகளைப் படிப்பிப்பவர்களுக்கு அந்தச் சீட்டு இல்லை. தன் பாதுகாப்பைத் தேடும் பிரயாணி, தான் விட்டுவரும் மனிதரின் பாதுகாப்பையும் எண்ணக் கடமைப்பட்டவன்.