நித்தியகல்யாணி தந்த மருந்து

வீட்டு வாசலில் ஒரு சின்னச் செடி. ஐந்து இதழ் கொண்ட ஊதாப் பூ. சில செடிகளில் வெள்ளைப் பூ. அதிகம் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் வளரும். ஆண்டு முழுவதும் பூக்கும். அதுதான் நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்றும் இதைச் சொல்வார்கள். புனே நகரில் பேசும் மராத்தி மொழியில் இதன் பெயர் சதாபுலி. எப்போதும் பூப்பது என்று பொருள்.

இதன் இலை கசக்கும். ஆடு மாடு மேயாது. இந்தக் கசப்புச் செடியில்தான் புற்றுநோய்க்கு மருந்து இருக்கிறது.

எப்படித் தெரிந்தது?

ஜமைக்கா தீவில் சர்க்கரை நோய்க்கு இந்த இலையைக் கொதிக்க வைத்துக் குடித்து வந்தார்கள். 1952இல் அந்த இலை கனடா நாட்டுக்குப் போனது. ராபர்ட் நோபிள் என்ற மருத்துவர் இலைச் சாற்றை எலிகளுக்குப் புகட்டினார். சர்க்கரை குறையவில்லை. ஊசியில் ஏற்றினார். இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன.

இரத்தப் புற்றுநோயில் கெட்ட வெள்ளை அணுக்கள் அளவு மீறிப் பெருகும். அவற்றை இந்தச் சாறு அடக்குமா? நோபிளும் சார்லஸ் பீர் என்ற அறிஞரும் ஆராய்ந்தார்கள். 1958இல் வின்பிளாஸ்டின் என்ற மருந்தை உலகுக்கு அறிவித்தார்கள். பிறகு அமெரிக்காவில் வின்கிரிஸ்டின் என்ற மருந்தும் இதே செடியிலிருந்து கிடைத்தது.

மருந்து என்ன செய்கிறது?

நம் உடல் கோடானுகோடி செல்களால் ஆனது. செல் என்பது கண்ணுக்குத் தெரியாத சிறு அறை. தேவைப்படும்போது ஒரு செல் இரண்டாகப் பிரியும். பழுதான செல் தானே மடிந்துவிடும். புற்றுநோய்ச் செல் இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படாது. மடியாமல் பெருகிக்கொண்டே போகும்.

செல் பிரியும்போது உள்ளே மெல்லிய இழைகள் உண்டாகும். செல்லில் உள்ளதை அவை இரண்டு பங்காக்கி இழுக்கும். இந்த மருந்து இழைகளை உருவாக விடாது. பங்கு பிரிக்க முடியாமல் பாதியில் நின்ற செல், முடிவில் மடிந்துபோகும்.

புனேயில் நடந்த வேலை

இலையில் மருந்தின் அளவு மிகவும் குறைவு. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அதைப் பிரித்தெடுப்பது எளிதல்ல.

புனேயில் தேசிய வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. 1950இல் திறக்கப்பட்டது. இந்த ஆய்வகமும் சிப்லா மருந்து நிறுவனமும் கைகோத்தன. 1984இல் இரண்டு மருந்துகளையும் நம் நாட்டிலேயே உருவாக்கின. தமிழ்நாட்டிலும் விவசாயிகள் இந்தச் செடியைப் பயிரிடுகிறார்கள்.

இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு வின்கிரிஸ்டினை வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். முழுச் சிகிச்சையும் ஒழுங்காகப் பெற்றால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துக்கொள்கிறார்கள்.

இலையைத் தின்னலாமா?

கூடாது. இந்தச் செடி நஞ்சு. மருந்தாக மாற்றிய பிறகும் அதில் கடுமை உண்டு. முடி கொட்டலாம். கை கால் மரத்துப்போகலாம். மலச்சிக்கல் வரலாம். அதனால்தான் மருத்துவர் எடை பார்த்து, இரத்தம் சோதித்து, அளவோடு இரத்தக் குழாயில் ஏற்றுகிறார். இலையை அரைத்துக் குடித்தால் அந்த அளவு யாருக்குத் தெரியும்?

மஞ்சள் முதலிய பல பொருள்கள் ஆய்வகத்தில் புற்றுநோய்ச் செல்களைக் கொல்கின்றன. கண்ணாடித் தட்டில் நடப்பதெல்லாம் உடலில் நடந்துவிடாது. மனிதர்களிடம் சோதித்துத் தேறியதுதான் மருந்து.

பச்சிலை தருகிறேன் என்று யாராவது சொல்வார்கள். அதை நம்பிச் சிலர் மாதக் கணக்கில் காத்திருக்கிறார்கள். அதற்குள் நோய் முற்றிவிடுகிறது. உடலில் கட்டி தெரிந்தாலோ, புண் ஆறாமல் இருந்தாலோ, காரணமில்லாமல் இரத்தம் போனாலோ தள்ளிப் போடக் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நித்தியகல்யாணி வாசலில் பூக்கட்டும். அதன் மருந்து மருத்துவர் கையில் இருக்கட்டும்.