எந்த அணு எந்த இடத்தில்?

கொல்கத்தா சால்ட் லேக்கில் இருக்கிறது எஸ்.என். போஸ் தேசிய அடிப்படை அறிவியல் மையம். 2024 செப்டம்பர் 26 அன்று பிரதமர் காணொளி வழியாக நாட்டுக்கு அர்ப்பணித்த மூன்று 'பரம் ருத்ரா' சூப்பர் கம்ப்யூட்டர்களில் ஒன்று இங்கே இயங்குகிறது. வேகம் 838 டெராஃப்ளாப்ஸ். நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். அந்த வேகத்தையும் ஒரு பித்தளைத் துண்டு திணறடித்துவிடும்.

செம்பு 70, துத்தநாகம் 30 என்று கலந்த பித்தளையை எடுத்துக்கொள்வோம். அணுக்கள் உட்காரும் இடங்கள் வரிசை பிசகாமல் இருக்கின்றன. எந்த இடத்தில் செம்பு, எந்த இடத்தில் துத்தநாகம் என்பதற்குத்தான் ஒழுங்கே கிடையாது. வெறும் 100 இடங்களில் 30 துத்தநாக அணுக்களை எத்தனை விதமாக வைக்கலாம்? 29 என்று எழுதி, பின்னால் 24 பூஜ்ஜியங்கள் போட வேண்டும். ஒரு விதத்துக்கு ஒரே ஒரு கணக்கு என்று வைத்தாலும் பரம் ருத்ராவுக்கு ஏறத்தாழ 1,100 ஆண்டுகள் பிடிக்கும்.

ஒரு கணக்கோடு எங்கே முடிகிறது? செம்பு அணு ஒவ்வொன்றிலும் 29 எலக்ட்ரான்கள். ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே இருப்பவை. அத்தனையையும் தனித்தனியே பின்தொடர முடியாது. எந்த இடத்தில் எலக்ட்ரான் எவ்வளவு அடர்த்தி என்று தெரிந்தால் போதும் என 1964, 65-இல் காட்டினார்கள் வால்டர் கோனும் அவரது சகாக்களும். கோனுக்கு 1998-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. இன்று கணினியில் பொருள்களை ஆராய்பவர்களின் அன்றாடக் கருவி இதுதான். ஆனாலும் வழக்கமான முறையில் அணுக்களை இரட்டிப்பாக்கினால் வேலை எட்டு மடங்காகிறது.

கலப்பு உலோகத்துக்கு ஒரு குறுக்குவழி உண்டு. எல்லா இடத்திலும் கற்பனையான 'சராசரி அணு' ஒன்றை வைத்துவிடலாம். ஆனால் செம்புக்குப் பக்கத்தில் நிஜமாக யார் என்ற தகவல் அதில் தொலைந்துவிடும். பல உலோகக் கலவைகளின் குணமே அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைப் பொறுத்தது. இதற்கு 1973-இல் வேறு வழி சொன்னவர் அபிஜித் முகர்ஜி. பிற்பாடு இதே போஸ் மையத்தில் பணியாற்றியவர். ஒவ்வொரு இடத்திலும் 'செம்பா, துத்தநாகமா' என்ற கேள்வியையும் கணிதத்துக்குள்ளேயே கூடுதல் பரிமாணமாகச் சேர்த்துவிட்டார். வெளி பெரிதாகிறது, பதிலுக்கு, தாறுமாறு போய் ஒழுங்கு வந்துவிடுகிறது. கோடானுகோடி மாதிரிகளின் சராசரி ஒரே கணக்கில் வந்துவிடும். கணினி வேகத்தைவிட இந்த மாதிரி யோசனைகள்தான் இத்துறையை நகர்த்தியிருக்கின்றன என்பேன்.

அவரிடம் முனைவர் ஆய்வு செய்த தனுஸ்ரீ சாகா தாஸ்குப்தா, ஜெர்மனியில் ஓ.கே. ஆண்டர்சனோடு சேர்ந்து எலக்ட்ரான் கணக்குக்கான புதிய முறையை 2000-இல் வெளியிட்டார். பின்னர் போஸ் மையத்தின் இயக்குநரானார். அவர் அதிகம் உழைத்த களம், எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று கடுமையாக எதிர்க்கும் ஆக்சைடுகள்.

கணினியின் வண்டவாளம் தெரிவதும் இங்கேதான். கோபால்ட் ஆக்சைடைச் சாதாரண அடர்த்தி முறையில் போட்டால், உலோகம்போல மின்சாரத்தைக் கடத்தும் என்று விடை வரும். ஆய்வகத்தில் அது மின்காப்புப் பொருள். அதனால் எலக்ட்ரான் விலக்கத்துக்கென்று தனியாக ஓர் எண்ணைச் சேர்க்கிறார்கள். அந்த எண்ணையும் கணக்கிட்டே பெறும் முறைகள் உண்டு. ஆனால் பல ஆய்வுகளில், ஆய்வகம் சொன்ன விடை வரும்வரை அதைத் திருகிப் பார்ப்பதுதான் நடப்பு.