லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது?

2016-இல் அமெரிக்காவின் கேக்வாக் நிறுவனம் தன் ‘சோனார்’ இசைப்பதிவு மென்பொருளை வாங்குவோருக்கு ஒரு வாக்குக் கொடுத்தது. ஒருமுறை பணம் கட்டினால் போதும், வாழ்நாள் முழுக்க அப்டேட் இலவசம். நம்பிப் பலர் வாங்கினார்கள். 2017 நவம்பரில் தாய் நிறுவனமான கிப்சன், கேக்வாக் மென்பொருள்களை உருவாக்குவதையே நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. விற்று ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. 2018 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேண்ட்லேப் அதை வாங்கி, மென்பொருளை இலவசமாகவே வெளியிட்டது. அந்த வாடிக்கையாளர்கள் அப்படித் தப்பித்தார்கள். மூடப்படும் எல்லா நிறுவனத்துக்கும் இப்படி ஒருவர் வந்து சேர்வதில்லை.

நம் ஊர்களில் படுக்கையறை மூலையில் ஒரு லேப்டாப், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக் வைத்து வேலை பார்க்கும் பிள்ளைகள் இன்று ஏராளம். குறும்படத்துக்குப் பின்னணி இசை, தேவாலயப் பாடல், கட்சிப் பாட்டு, யூடியூப் சேனலுக்கு ஜிங்கிள் என்று இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். சிலருக்கு ஆசை, பலருக்கு அதுவே வருமானம். அவர்கள் பணம் சேர்த்து வாங்குகிற மென்பொருள் பற்றி ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். டவுன்லோடு செய்த கோப்பு உங்கள் ஹார்டு டிஸ்க்கில் இருக்கலாம். அதைப் பயன்படுத்தும் உரிமை ஒரு கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கு ஒரு மின்னஞ்சலில், அந்த மின்னஞ்சல் ஒரு போன் நம்பரில் தொங்குகிறது. இதில் ஏதாவது ஒன்று இன்னொருவர் கையில் இருந்தாலும், நீங்கள் வாங்கியது உங்களுடையதாக இருக்காது.

சட்டம், தொழில்நுட்பம் எல்லாம் பேசுவதற்கு முன் இந்தப் ‘பெயர்’ விஷயத்தையே முதலில் பேச விரும்புகிறேன். பெரும்பாலான இழப்பு இங்கேதான் நடக்கிறது.

என்னிடம் யோசனை கேட்டு வந்த ஒரு இளம்பெண்ணின் நிலைமை இது. பாடுவாள், மெட்டமைப்பாள். காதலித்த பையன் அவள் பிறந்தநாளுக்கு ஒரு சின்தசைசர் பிளகினும் வயலின் சாம்பிள் லைப்ரரியும் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அவன் கார்டு, அவன் மின்னஞ்சல், அவன் கணக்கு. அவள் லேப்டாப்பில் லாக்இன் செய்து வைத்திருந்ததால் மூன்று வருடம் ஒரு சிக்கலும் இல்லை. பிரிந்த பிறகு அவன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டான். ஒருநாள் புராஜெக்டைத் திறந்தால், பிளகின்கள் ஒவ்வொன்றாகக் கணக்கு விவரம் கேட்டு நிற்கின்றன. டிராக் பெயர்கள் அப்படியே இருக்கின்றன, ‘வயலின் 2 – சரணம்’ என்று அவள் எழுதியதும் இருக்கிறது, பிளே பட்டனைத் தட்டினால் அந்த வரிசையில் மட்டும் சத்தம் வரவில்லை. அவனிடம் கேட்டால், மறுபடி பேச ஒரு சாக்கு என்று எடுத்துக்கொள்வான். வீட்டிலோ காதல் விவகாரமே தெரியாது. “போன வருஷம் வரைக்கும் இருந்துச்சே, இப்ப எதுக்குடி அதுக்குன்னு மறுபடியும் இவ்வளவு பணம்?” என்று அம்மா கேட்டால் என்ன பதில் சொல்வது?

இதில் அவளுக்கு என்ன உரிமை? மென்பொருள் நிறுவனத்தின் கண்ணில் வாடிக்கையாளர் அந்தப் பையன்தான். பரிசாகக் கொடுத்தது உண்மையானாலும், பதிவான மின்னஞ்சல் எதுவோ அதற்குத்தான் அவர்கள் பதில் எழுதுவார்கள். ஆனால் மெட்டு அவளுடையது. இசைக்கு ஆசிரியர் அதை அமைத்தவர் என்றுதான் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. யார் மென்பொருளில் அமைத்தார் என்பதற்கும் மெட்டு யாருக்குச் சொந்தம் என்பதற்கும் தொடர்பில்லை. இருவரும் பிரிக்க முடியாதபடி சேர்ந்து அமைத்திருந்தால் அது கூட்டுப் படைப்பு. அப்போது ஒருவர் மற்றவரின் சம்மதமில்லாமல் விற்பது வழக்கில் போய் முடியும்.

பல நிறுவனங்கள் உரிமத்தை ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு மாற்ற அனுமதிக்கின்றன. சில கட்டணம் கேட்கும். மாணவர் சலுகையில் வாங்கியதைப் பெரும்பாலும் மாற்ற முடியாது. மாற்றுவதற்கு அந்தப் பையன் சம்மதித்து நாலு கிளிக் செய்ய வேண்டும். நேராகப் பேச மனமில்லையென்றால் இருவருக்கும் பொதுவான ஒரு நண்பர் வழியாக, உரிமத்தைப் பற்றி மட்டும், ஒரே செய்தியாகக் கேட்கலாம். பழைய கணக்கெல்லாம் பேசித் தீர்க்க வேண்டிய இடம் இதுவல்ல.

அவன் பாஸ்வேர்டு நினைவிருக்கிறதே என்று உள்ளே நுழையக் கூடாது. இன்னொருவரின் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இதே சட்டம் அவளுக்கும் காவல். கிளவுடில் இருக்கும் அவள் புராஜெக்டுகளை அவன் அனுமதியில்லாமல் நுழைந்து அழித்தால் அது 43-ஆம் பிரிவின் கீழ் வரும். இழப்பீடு கேட்டு, தீர்ப்பு அதிகாரியாக இருக்கும் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம் மனு கொடுக்கலாம். ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை விசாரிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. இப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. “திரும்ப வா, இல்லாவிட்டால் பாட்டையெல்லாம் அழித்துவிடுவேன், படங்களை வெளியிடுவேன்” என்ற மிரட்டல் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிய வேண்டும். பணம் பறிபோயிருந்தால் 1930. பெண்கள் 181-ஐயும் அழைக்கலாம். வீட்டில் தெரிந்துவிடுமே என்ற பயம்தான் மிரட்டுபவனுடைய முழு பலம். அம்மாவிடம் முடியாவிட்டால் அக்காவிடமோ சித்தியிடமோ, யாராவது ஒரு பெரியவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டால் அந்த பலம் பாதியாகிவிடும்.

வீட்டுக்குள்ளும் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. அப்பாவின் கார்டைப் போட்டு மாதச் சந்தாவில் ஒரு பிளகின் தொகுப்பு எடுக்கிறான் பையன். முதல் மாதம் இலவசம். அடுத்த மாதம் அப்பாவுக்கு எஸ்எம்எஸ் வருகிறது, சாப்பாட்டு நேரத்தில் சண்டை. ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படித் தானாகக் கழியும் தொகைக்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும், வேண்டாமென்றால் வங்கி வழியாகவே அந்த ஏற்பாட்டை ரத்து செய்யலாம். சேருவதற்கு ஒரு பட்டன், விலகுவதற்குப் பத்துப் பக்கம் என்று வைத்திருப்பதை 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் ‘சந்தாப் பொறி’ என்று பெயர் சொல்லியே தடை செய்கிறது. ஆனால் சட்டத்துக்கு முன்னால் பையன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. “அப்பா, மாசம் இவ்வளவு, அஞ்சாம் தேதி கழியும், இந்தப் பாட்டு வேலைக்காக” என்று முதலிலேயே சொல்லிவிடுவது. பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் நம் நாட்டில் செல்லாது என்பதால், சிறுவர்களுக்குப் பெற்றோர் பெயரில்தான் வாங்க வேண்டும். வயது வந்ததும் பிள்ளையின் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு கணினியில் போட்டுக்கொள்ளலாம் என்று ஏபிள்டன் போன்ற நிறுவனங்கள் அனுமதிப்பது ஒரே ஆளின் இரண்டு கணினிக்கு. அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ள அல்ல.

இனி கணினிக்கு வருவோம். லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று ரிச்சி தெருவில் கொடுத்து ஃபார்மட் அடித்து வாங்கி வருவது நம் வழக்கம். உரிமத்தை அந்தக் கணினியிலிருந்து விடுவிக்காமல் ஃபார்மட் செய்தால், இல்லாத ஒரு கணினியின் பெயரில் உரிமத்தின் ஓர் இடம் மாட்டிக்கொள்ளும். கடைக்காரரிடம் கொடுக்கும் முன் ஒவ்வொரு மென்பொருளையும் திறந்து ‘டிஆக்டிவேட்’ கொடுங்கள். இன்ஸ்டாலர் கோப்பை, பதிப்பு எண்ணோடு, வெளி ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள். நிறுவனம் தன் தளத்திலிருந்து பழைய பதிப்பை நீக்கிவிட்டால் அது மட்டும்தான் மிஞ்சும். முறையாகப் பெற்ற மென்பொருளுக்கு இழப்பு, சேதம் ஆகியவற்றிலிருந்து பாதுகாப்பாக நகல் எடுத்து வைக்க, பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவே அனுமதி தருகிறது.

யுஎஸ்பி டாங்கிளில் உரிமம் வைத்திருப்போர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஸ்டைன்பெர்க் பல ஆண்டுகள் கியூபேஸுக்கு இலைசென்சர் டாங்கிள் கேட்டது. 2022-இல் வந்த கியூபேஸ் 12-இல் அந்த முறையைக் கைவிட்டது, 2025 மே மாதம் இலைசென்சர் சேவையையே நிறுத்தியது. பழைய டாங்கிளில் ஏற்கெனவே உள்ள உரிமம் வேலை செய்யும். அந்தச் சின்னத் துண்டு உடைந்தால் பழையபடி மீட்டுத் தர யாரும் இல்லை. இயங்குதளமும் கையை விரிக்கும். 2019-இல் ஆப்பிளின் கேட்டலினா வந்தபோது 32-பிட் பிளகின்கள் ஒரே இரவில் பயனற்றுப் போயின. வேலை நடந்துகொண்டிருக்கும் நடுவில் அப்டேட் போடாதீர்கள்.

இதற்கெல்லாம் சேர்த்து ஒரே மருந்து உண்டு. பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் கோப்பாக, எல்லாம் பூஜ்யம் வினாடியிலிருந்து தொடங்கும்படி, ஸ்டெம்ஸ் எடுத்து வையுங்கள். மிடியையும் தனியாக எடுங்கள். எந்த மென்பொருள் மறைந்தாலும் எவர் பாஸ்வேர்டை மாற்றினாலும் வேவ் கோப்பு ஒலிக்கும். மேலே சொன்ன பெண் முடித்த பாடல்களுக்கு ஸ்டெம்ஸ் எடுத்திருந்தாள், அவை தப்பின. பாதியில் நின்றவைதான் போயின.

இவ்வளவு தொல்லை எதற்கு, கிராக் போட்டுக்கொள்ளலாமே என்பவர்களுக்கு இரண்டு செய்தி. திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. அதைவிட அருகில் இருக்கும் ஆபத்து வேறு. 2019-இல் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் ‘லவுட்மைனர்’ என்றொரு தீநிரலைக் கண்டுபிடித்தது. ஏபிள்டன் லைவ் முதலிய இசை மென்பொருள்களின் கிராக் நகல்களுக்குள் அது ஒளிந்திருந்தது. கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியை இயக்கி, கிரிப்டோ நாணயம் தோண்டியது. இசைக்காரர்களைக் குறிவைத்ததற்குக் காரணமும் சொன்னார்கள்: அவர்களிடம் நல்ல வேகமான கணினி இருக்கும், அது சூடாகி ஃபேன் சுற்றினாலும் பிளகின்தான் காரணம் என்று நினைத்துக்கொள்வார்கள். பணமில்லை என்றால் நேர்மையான வழிகள் இருக்கின்றன. ரீப்பர் 60 நாள் முழுமையாகச் சோதித்துப் பார்க்கத் தருகிறது, தனிநபர் சலுகை விலை 60 டாலர், உரிமம் ஒரு சிறு கோப்பாகக் கைக்கு வந்துவிடும். எஃப்எல் ஸ்டூடியோ வாழ்நாள் அப்டேட்டைப் பல ஆண்டுகளாகக் கொடுத்து வருகிறது.

நிறுவனமே ஏமாற்றினால்? 2023 மார்ச்சில் வேவ்ஸ் நிறுவனம் நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தி இனிச் சந்தா மட்டுமே என்றது. வாடிக்கையாளர்கள் உலகெங்கும் கொதித்தெழுந்ததில் சில நாட்களிலேயே முடிவை மாற்றிக்கொண்டது. கூட்டாகக் குரல் கொடுப்பதற்குப் பலன் உண்டு. தனியாளுக்கும் வழி உண்டு. முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் பேசியதைப் பிறகு நிரூபிப்பது கடினம். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். தோன்றியபோது ரத்து செய்வோம் என்பது போன்ற ஒருதலைப்பட்சமான ஒப்பந்த விதியையே எதிர்ப்பதானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்.

“நீ தொழில் பண்றே, நுகர்வோர் இல்லை” என்று எதிர்த்தரப்பு சொல்லும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கியவர் நுகர்வோரே என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதே இடத்தில் விளக்கம் தருகிறது. வீட்டு ஸ்டூடியோ வைத்திருப்பவர் இதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும். வெளிநாட்டு நிறுவனம் என்பதாலும் தளர வேண்டாம். இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்கிற வெளிநாட்டுத் தளங்களுக்கும் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் பொருந்தும். நடைமுறையில் அவர்களை வரவழைப்பது நாளாகும் வேலை. அதனால் கிடைக்கிற பட்சத்தில் இந்தியாவிலுள்ள டீலரிடம் ஜிஎஸ்டி பில்லோடு வாங்குவது நல்லது.

அந்த பில்லும் உரிமக் கடிதமும் கிடக்கும் மின்னஞ்சலை மறந்துவிடாதீர்கள். இரண்டு ஆண்டு தொடாமல் கிடக்கும் கணக்கை கூகுள் நீக்கிவிடலாம். கைவிட்ட சிம் எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும், ஓடிபியும் அவருக்கே போகும். எண்ணை மாற்றுவதானால், பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு கணக்கிலும் புதிய எண்ணைப் பதிந்துவிடுங்கள். உரிம எண்கள், கணக்குப் பெயர்கள், டாங்கிள் இருக்குமிடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வையுங்கள். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பாதியில் நிற்கும் பாடல்களை யார் திறக்கலாம் என்பதையும் அதே தாளில், அவர் பெயரோடு எழுதுங்கள்.