உறவின் உரிமையும் கடனின் உரிமையும்

கடல் கடந்து பொருளீட்டுவது தமிழக முஸ்லிம்களுக்குப் புதியதன்று. கொழும்புக்கும் பினாங்குக்கும் இரங்கூனுக்கும் சென்ற முன்னோரின் வழியில், 1970களின் எண்ணெய் வளப் பெருக்கத்திற்குப் பின்னர் அவர்தம் பேரர்கள் துபாய்க்கும் ரியாதுக்கும் குவைத்துக்கும் செல்லத் தலைப்பட்டனர். அவ்வருவாயால் ஊர்களில் எழுந்த மாடி வீடுகளையும் மதரசாக்களையும் பற்றி நாம் பெருமையுடன் பேசுகிறோம். அவற்றுள் சிலவற்றின் பின்னே நிற்கும் கடனைப் பற்றிப் பேசத் தயங்குகிறோம்.

விசாவுக்காக வாங்கிய கடன் தீருமுன்னரே தங்கையின் திருமணம் வந்து நிற்கிறது. அது முடிந்து மூச்சு விடுவதற்குள் தம்பியின் கல்லூரிக் கட்டணம், மச்சானின் கடைக்கு முதல், வாப்பாவின் மருத்துவச் செலவு என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சம்பளம் போதாதபோது வங்கியின் தனிநபர் கடன். அதுவும் போதாதபோது கடன் அட்டை. ஊரிலோ மனைவியின் நகை அடகுக்குப் போகிறது. கேட்பவர் எவரும் அயலார் அல்லர். எனவே இல்லை என்று சொல்ல நா எழுவதில்லை. சொன்னால் 'உறவை முறித்தவன்' என்னும் பெயர் வரும். உறவை முறிப்பவர் சுவனம் புகார் என்ற நபிமொழியை அறிந்த ஒருவருக்கு அப்பெயரை விட அச்சமூட்டுவது வேறென்ன?

கடன் பட்டேனும் உறவினரின் வேண்டுகோளை நிறைவேற்றுவதே மார்க்கம் விரும்பும் உறவு பேணல் என்பது இவ்வச்சத்தின் உட்கிடை. இக்கருத்து ஷரீஅத்தின் ஏற்பைப் பெற்றதுதானா?

திருக்குர்ஆனின் பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தில் அடுத்தடுத்து வரும் நான்கு வசனங்களை (17:26-29) ஒருசேர ஓதிப் பார்த்தல் நலம். உறவினருக்கும் வறியவருக்கும் வழிப்போக்கருக்கும் அவரவர்க்குரியதைக் கொடுக்குமாறு முதல் வசனம் பணிக்கிறது. வீண்விரயம் செய்ய வேண்டாம் என்று அதிலேயே தடுத்தும் விடுகிறது. வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் உடன்பிறப்புகள் என்று அடுத்த வசனம் சாடுகிறது. மேடைகளில் நாம் பெரிதும் கேட்பவை இவ்விரண்டுமே. மூன்றாவது வசனம் ஏனோ அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. இறைவனின் அருளை எதிர்பார்த்திருக்கும் நிலையில், அதாவது கையில் பொருளில்லாத வேளையில், அவர்களை விட்டு முகந்திரும்ப நேர்ந்தால் இதமான சொல்லைச் சொல்லுமாறு அது கற்பிக்கிறது. உறவினரின் உரிமையைப் பேசிய அதே மூச்சில், கொடுக்க இயலாத நிலை ஒன்று உண்டு என்பதை இறைவேதம் ஒப்புக்கொள்கிறது. அந்நிலையில் கடன் வாங்கிக் கொடு என்று அது சொல்லவில்லை. நான்காவது வசனம் கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்வதையும் முற்றாக விரித்துவிடுவதையும் ஒருங்கே தடுக்கிறது. முற்றாக விரித்தவன் அடையும் நிலையைச் சொல்ல அங்கே ஆளப்பட்ட 'மஹ்ஸூர்' என்னும் சொல்லுக்கு விளக்கம் தரும் விரிவுரையாளர்கள், நடக்க வலுவின்றி வழியிலேயே நின்றுவிட்ட வாகன விலங்கை உவமை காட்டுவர். பாலை நிலத்தில் அவ்விலங்கு நின்றுவிட்டால் அதன் மேல் ஏறியிருப்போரின் பயணமும் அங்கேயே முடிந்தது.

இனி, 'உரியது' என்பதன் எல்லை யாது? இங்கே ஃபிக்ஹு நூல்கள் உணர்ச்சிக்கு இடமளியாமல் கணக்கோடு பேசுகின்றன. மனைவியின் வாழ்க்கைச் செலவு கணவன் மீது கடமை. அவள் செல்வந்தராயினும் இக்கடமை நீங்காது. தமிழகக் கடற்கரை ஊர்களில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, உறவினருள் வாழ்க்கைச் செலவு கடமையாவது மேல்வழியினருக்கும் கீழ்வழியினருக்குமே: பெற்றோர், பாட்டன் பாட்டியர், மக்கள், பேரர். அதுவும் அவர்கள் வறியவராயிருந்து, கொடுப்பவருக்குத் தம்முடையதும் தம் மனைவியுடையதுமான அன்றைய தேவை போக எஞ்சியிருந்தால் மட்டுமே. மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட செலவு கணவன் தலையில் கடனாக நிற்கும். உறவினருக்குரியதோ நாள் கடந்தால் பொதுவாகக் கடனாக நிற்பதில்லை என்பதும் அம்மத்ஹபின் நுட்பமான வேறுபாடு. உள்நாட்டு ஊர்களில் பெரும்பான்மையான ஹனஃபி மத்ஹபினருக்கு வட்டம் சற்று விரிகிறது. மணம் புரியத் தடுக்கப்பட்ட நெருங்கிய உறவினர் வறியவராகவும், சிறுவர், பெண், உடற்குறையுடையவர் என உழைத்துண்ண இயலாதவராகவும் இருந்தால், வாரிசுரிமைப் பங்கின் அளவுக்கேற்ப அவர்களைத் தாங்குவது வசதியுள்ளவர் மீது கடமையாகும். ஆகவே தந்தையற்ற ஏழைத் தங்கைக்கு ஹனஃபி அண்ணன் பொறுப்பாளி ஆகலாம்.

ஆயினும் அப்பொறுப்பு உணவு, உடை, உறைவிடம் என்பவற்றைக் கடக்காது. உறைவிடம் என்பது தங்கும் உரிமையேயன்றி வீட்டைப் பெயருக்கு எழுதிக் கொடுப்பதன்று. இதனை இங்கே அழுத்திச் சொல்லக் காரணமுண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மணமகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக நிலவுகிறது. மணமான பெண் தாய்வீட்டை ஒட்டியே வாழ்வதால் அவளுக்குக் கிட்டும் பாதுகாப்பைக் குறைத்து மதிப்பிட இயலாது; புகுந்த வீட்டுக் கொடுமை என்ற சொல்லே அவ்வூர்களில் அதிகம் புழங்காததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். ஆனால் மனைவிலை விண்ணை முட்டும் இந்நாளில், மூன்று தங்கையருக்கு மூன்று வீடு என்பது ஓர் அண்ணனின் இளமை முழுவதையும் விழுங்கிவிடுகிறது. தந்தை தம் பொருளில் இயன்றதைக் கொடுத்தால் அது அன்பளிப்பு. அண்ணன் தன்னிடம் உள்ளதிலிருந்து மனமுவந்து கொடுத்தால் அது உறவு பேணல். அதற்கு இரட்டை நன்மை உண்டு. வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டினால் அதனை எந்த மத்ஹபின் எந்தப் பகுதியில் சேர்ப்பது? கைக்கூலியைப் பற்றியோ சொல்லவே வேண்டியதில்லை; மஹர் கொடுக்க வேண்டிய இடத்தில் கையேந்தி நிற்பவரின் கோரிக்கை, உறவினரின் உரிமை என்னும் பட்டியலில் இடம்பெறத் தகுதியற்றது.

பெற்றோர் தொடர்பாக ஒரு நபிமொழி அடிக்கடி எடுத்தாளப்படும். நீயும் உன் பொருளும் உன் தந்தைக்குரியவை என்னும் கருத்திலமைந்த அந்த அறிவிப்பு இப்னு மாஜாவில் உள்ளது. இதனை உடைமை மாற்றமாக அறிஞரில் பெரும்பான்மையோர் கொள்ளவில்லை. தந்தைக்குத் தேவையானதை எடுத்துக்கொள்ளும் அனுமதியாகவும், தந்தையைக் கனப்படுத்தும் நன்னெறியாகவுமே கொண்டனர். அவர்களின் வாதம் எளியது: மக்களை விட்டு மகன் இறந்தால் தந்தைக்கு ஆறிலொரு பங்கு என்று திருக்குர்ஆன் (4:11) வரையறுக்கிறது, மகனின் பொருள் முழுவதும் ஏற்கெனவே தந்தைக்குரியதாயின் ஆறிலொன்றுக்குப் பொருளே இராது.

கடன் குறுக்கிடும்போது இந்த வரிசை முழுவதும் மீண்டும் எண்ணிப் பார்க்கப்பட வேண்டியதாகிறது. கடனாளியின் கையில் இருக்கும் பொருள், கடன் கொடுத்தவரின் உரிமை படிந்த பொருள். இமாம் புகாரீ (ரஹ்) தம் ஸஹீஹில் ஜகாத் பற்றிய பகுதியில் ஒரு பாடத்திற்கு இட்ட நீண்ட தலைப்பே தனிச் சட்டவிதி போன்றது. தானோ தன் குடும்பமோ தேவையிலிருக்க, அல்லது தன் மீது கடனிருக்கத் தர்மம் செய்பவரின் தர்மத்தை விடவும், அடிமை விடுதலையை விடவும், அன்பளிப்பை விடவும் கடனைத் தீர்ப்பதே முந்திய உரிமையுடையது. பிறர் பொருளை அழிக்க அவருக்கு உரிமையில்லை என்பது அத்தலைப்பின் சாரம். இமாம் நவவீ (ரஹ்) மின்ஹாஜுத் தாலிபீனில் இன்னும் தெளிவாகச் சொல்கிறார்: தன் பொறுப்பிலுள்ளோரின் செலவுக்குத் தேவையானதையோ, வேறு வழியில் தீர்க்க வாய்ப்பில்லாத கடனுக்குத் தேவையானதையோ தர்மம் செய்வது கூடாது என்பதே மிகச் சரியான கருத்து. கூடாது என்றால் வெறுக்கத்தக்கது என்பதன்று. ஹராம் என்னும் சொல்லையே அங்கு அவர் ஆள்கிறார்.

பெருமானார் (ஸல்) அவர்கள் இதனைச் செயலிலும் காட்டினார்கள். வேறு சொத்து எதுவுமற்ற அன்சாரித் தோழர் ஒருவர், தம் மறைவுக்குப் பின் தம் அடிமை விடுதலை பெறுவார் என்று அறிவித்தார். அடிமையை விடுவிப்பது எத்துணை உயர்ந்த அறம்! ஆயினும் பெருமானார் (ஸல்) அவர்கள் அதனை நடக்கவிடவில்லை. அவ்வடிமையை நுஅய்ம் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்களிடம் 800 திர்ஹத்துக்கு விற்று, தொகையை அத்தோழரிடமே ஒப்படைத்து, முதலில் தமக்கும், எஞ்சினால் தம் குடும்பத்திற்கும், பின்னும் எஞ்சினால் உறவினருக்கும் செலவிடுமாறு முறை வகுத்தார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிமில் வரும் செய்தி இது. உறவினர் இவ்வரிசையில் மூன்றாம் இடத்தில் இருப்பது கருதத்தக்கது.

மனைவியின் நகையைப் பற்றியும் ஒரு சொல். மஹராகவும் பெற்றோர் அன்பளிப்பாகவும் வந்த நகை அவளுடைய தனியுடைமை. அவள் மனமுவந்து விட்டுக்கொடுத்தாலன்றி அதனை உண்ண அனுமதியில்லை என்பது 4:4ஆம் வசனத்தின் தெளிவு. மாமியாரும் மச்சியும் சூழ நிற்க, மறுக்க வழியின்றிக் கழற்றிக் கொடுப்பதை மனமுவந்தது என்று எவ்வாறு கொள்வது? நாத்தனாரின் திருமணத்திற்காக அடகு வைத்த நகை கணவனின் மீதுள்ள கடனே. அது எழுதப்படவும் வேண்டும். கடனை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் 2:282ஆம் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். அதில் உறவினருக்கு விலக்கு ஏதும் சொல்லப்படவில்லை. நம் குடும்பங்களின் நெடும்பகைகள் பல, கொடுத்தவர் கடனென்றும் வாங்கியவர் உதவியென்றும் நினைத்துக்கொண்ட பணத்திலிருந்தே முளைக்கின்றன. கொடுக்கும்போதே இன்னதென்று சொல்லிவிடுதல் அன்புக்குக் குறைவன்று. சிறு தொகையாயினும் திரும்ப வேண்டாம் என்று சொல்லிக் கொடுப்பது, பெருந்தொகையைக் கடனென்று கொடுத்து மனத்தில் சுமப்பதினும் மேலானது என்பது என் கருத்து.

மறுப்பது ஒன்று, உறவை வெட்டுவது வேறொன்று. அபூபக்ர் (ரலி) அவர்கள் தம் வறிய உறவினர் மிஸ்தஹ் (ரலி) அவர்களுக்கு உதவி வந்தார்கள். தம் மகளார் ஆயிஷா (ரலி) அவர்கள் மீதான அவதூறில் மிஸ்தஹும் பங்குகொண்டபோது, இனி உதவுவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். அதனைத் தடுத்து 24:22ஆம் வசனம் இறங்கியது. உதவியும் மீண்டும் தொடர்ந்தது. அங்கே நிறுத்தத்திற்குக் காரணம் சினம், இயலாமையன்று. இயலாமைக்கு வழிகாட்டுவது முன்னர்ச் சொன்ன இதமான சொல். தன் வருவாயையும் கடனையும் வீட்டாரிடம் மறைக்காமல் சொல்வதும் அதில் அடங்கும். பாலைவெயிலில் உழைப்பவர் தம் கடன் நிலையைத் தாயிடமும் மனைவியிடமும் மறைத்து, விடுமுறைக்கு வரும்போது பெட்டி நிறையப் பரிசுகளோடு வருகிறார். வீட்டாரும் அவரிடம் உண்டென்று நம்பியே கேட்கின்றனர். கடன்பட்ட மனிதன் பேசினால் பொய்யுரைக்கிறான், வாக்களித்தால் மாறு செய்கிறான் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் விளக்கிய கேடு, கடன் கொடுத்தவரிடம் மட்டுமன்றி வீட்டாரிடமும் நேர்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் பணமின்றித் திரும்பிய காசோலைக்காகச் சிறை செல்லும் நிலை, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தால் பெரும்பாலும் நீங்கியது. எனினும் உரிமையியல் வழக்கும் பயணத் தடையும் நீங்கவில்லை. அவற்றின் மூலமே கணவரின் கடனை முதன்முதலாக அறியும் மனைவியரும் இருக்கக்கூடும்.

ஏற்கெனவே சிக்கியோருக்கும் வாயில்கள் உண்டு. ஜகாத் பெறத் தகுதியுடைய எண்வகையினருள் கடனில் மூழ்கியோரும் ஒருவகையினர் (9:60). சிரமத்திலுள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை தவணை தருவதும், தள்ளுபடி செய்வதும் கடன் கொடுத்தோருக்குச் சொல்லப்பட்ட அறம் (2:280). பல ஊர்களின் பைத்துல்மால்கள் நகையின் பேரில் வட்டியில்லாக் கடன் தருகின்றன. திருமண ஆடம்பரத்திற்கு அல்லாமல், வட்டிக்கடனை மீட்பதற்கே முதலிடம் என்று அவை விதி வகுத்தால் பயன் பெருகும். அளவு கடந்த வட்டியைத் தடுக்கத் தமிழகத்தில் 2003ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டுள்ளதையும் கந்துவட்டியில் நைவோர் அறிந்திருத்தல் வேண்டும்.

குடும்பத்தாரின் நெருக்குதலுக்கிடையே கடனின் உரிமையைக் காத்தவர் ஒருவரின் வரலாறு ஸஹீஹுல் புகாரீயில் விரிவாக உள்ளது. ஹிஜ்ரி 36இல் ஜமல் போருக்குச் சென்ற ஸுபைர் (ரலி) அவர்கள், தம் மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை அழைத்து, தமக்குள்ள பெருங்கவலை தம் கடனே என்று கூறி, அதனைத் தீர்க்கும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். மக்கள் அவர்களிடம் பொருளை அமானிதமாக வைக்க வருவர். அவர்களோ, அது தொலைந்துவிடக்கூடுமென அஞ்சி, கடனாகவே ஏற்பர். அமானிதம் தொலைந்தால் பொறுப்பில்லை; கடனுக்குப் பொறுப்புண்டு. அவ்வாறு சேர்ந்த கடன் 22 இலட்சமாயிருந்தது. கையில் பணமில்லை, நிலங்களும் வீடுகளுமே இருந்தன. 1,70,000க்கு வாங்கப்பட்டிருந்த காபா நிலத்தை 16 இலட்சம் மதிப்பிட்டு அப்துல்லாஹ் விற்றார்கள். 4 இலட்சம் வரவேண்டியிருந்த அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) அவர்கள் அதனை விட்டுத்தர முன்வந்தும் ஏற்கவில்லை. நிலத்தின் ஒரு பகுதியை அவர்களுக்கு அளந்து கொடுத்தார்கள். கடன் தீர்ந்ததும் உடன்பிறந்தோர் பங்கைக் கேட்டனர். ஸுபைரிடம் வரவேண்டியது உள்ளவர் வரலாம் என்று நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் அறிவிக்கும் வரை பங்கிடுவதில்லை என்று அப்துல்லாஹ் உறுதியாக மறுத்தார்கள். நான்கு ஹஜ்ஜுகளிலும் அவ்வறிவிப்பு நடந்தது. அதன் பின்னரே சொத்து பிரிக்கப்பட்டது. வஸிய்யத்துக்கான மூன்றிலொன்று போக, ஸுபைரின் மனைவியர் நால்வரும் ஆளுக்கு 12 இலட்சம் பெற்றனர்.