சீலா மீனும் சர்க்கரைத் தண்ணீரும்: மூளையைச் சீவுவது எப்படி?

திரேஸ்புரத்தில் வாங்கிய சீலா மீனில் மிச்சத்தை வீட்டு ஃப்ரீசரில் போட்டு, நாலு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். தண்ணி விட்டு கொழகொழன்னு இருக்கும். மெதுவாக உறையும் நீர் பெரிய பனிப் படிகங்களாகி செல்களைக் கிழித்துவிடுகிறது.

மனித மூளையை ஆய்வுக்கு வெட்டுகிறவர்களுக்கும் இதே பிரச்சினைதான். சுமார் 1.3 கிலோ எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற பெயரில் ஐந்து கருச்சிசு மூளைகளின் 5,132 சீவல்களைப் படமாக்கி, யாரும் பார்க்கலாம் என்று வெளியிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் இந்த வேலையைத் தேடிப் படித்தேன்.

முதலில் ஃபார்மலின் வகைத் திரவம். புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, அழுகலை நிறுத்தி, தயிர் மாதிரி இருப்பதை அவித்த முட்டைப் பதத்துக்குக் கொண்டுவரும். பெரியவர்களின் முழு மூளைக்கு இதற்கே வாரக்கணக்கில் ஆகும். அடுத்தது எனக்குப் பிடித்த கட்டம்: சர்க்கரைக் கரைசல். மூளை முதலில் மிதக்கும். சர்க்கரை உள்ளே ஊற ஊற, கீழே போய் உட்காரும். மூழ்கிவிட்டால் பதம் வந்தாச்சு! இனி பெரிய படிகம் உருவாகாது. உப்பளத்தில் உப்புநீரின் பதம் பார்க்கிற ஊர்க்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பிறகு கடுங்குளிர் திரவத்தில் சட்டென்று உறைய வைத்து, 20 மைக்ரான் தடிமனில் சீவுகிறார்கள். தலைமுடியை விட மெல்லியது, தொட்டால் சுருண்டுவிடும். அதனால் வெட்டுவதற்கு முன்பே மேல்பரப்பில் டேப் ஒட்டி, சீவலை டேப்போடு எடுத்து, கண்ணாடியில் பதித்து, டேப்பை உரிக்கிறார்கள். அப்புறம் சாயம், ஸ்கேன். பத்து செ.மீ. சதுரச் சீவலை அரை மைக்ரானுக்கு ஒரு பிக்சல் என்று எடுத்தால் 4,000 கோடி பிக்சல். ஒரே படம் 120 ஜிபி. என் சர்வர் அழுதுவிடும்.

கடைசிக் காலத்தில் அப்பாவுக்கு என் பெயர் மறந்துபோனது. அல்சைமராக இருக்கலாம் என்றார்கள். நிச்சயமாகத் தெரிய, இறந்தபின் மூளைத் திசுவைப் பார்க்க வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளை வங்கி இருப்பதே அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் மூளை சில மணி நேரத்திலேயே சிதையத் தொடங்கிவிடும். தூத்துக்குடியிலிருந்து பெங்களூரு ஒரு ராத்திரிப் பயணம்.

போன வாரம் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "கேட்டிருந்தா குடுத்திருப்பேன்யா" என்றாள்.