விடுதலைக்கு ஓர் அடைமொழி

கைது, வழக்கு, தண்டனை மூன்றும் ஒன்றல்ல. முதல் இரண்டும் போலீஸ் சொல்வது. மூன்றாவதுதான் நீதிமன்றம் விசாரித்துச் சொல்வது. வேலைக்கு ஆளெடுக்கும்போது 'முன்நடத்தை' என்ற ஒற்றைச் சொல் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது.

தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 2003இல் சேர்ந்த விளக்கத்தைப் பாருங்கள். சந்தேகத்தின் பலனைக் கொடுத்தோ, புகார்தாரர் பிறழ்ந்துபோனதாலோ விடுதலையானவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். 2008இல் சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வும் இதை ஏற்றது. 'அதான் கேஸ் முடிஞ்சு போச்சே' என்பதெல்லாம் இங்கே எடுபடாது.

அப்படியானால் எந்த விடுதலை செல்லும்? 'கௌரவமான' விடுதலை. இந்த அடைமொழி குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலோ தண்டனைச் சட்டத்திலோ இல்லை, தீர்ப்புகள் வழியே உருவான சொல் என்று 2012இல் உச்சநீதிமன்றமே சொன்னது. சட்டம் தராத ஓர் அடைமொழி ஒருவன் பிழைப்பைத் தீர்மானிக்கிறது. விடுதலையாகிறவன் தன் தீர்ப்பின் வாசகத்தைத் தானே எழுதிக்கொள்ள முடியாது. ஊர்ச்சண்டையில் இரு தரப்பும் ராசியாகிப் புகார்தாரர் பின்வாங்கினால், அந்த ராசியே பிறகு அவனுக்கு எதிராக நிற்கிறது.

லத்தியைக் கையில் கொடுக்குமுன் ஆளைப் பற்றி விசாரிக்கத்தான் வேண்டும். இதை நான் மறுக்கவில்லை. எதை விசாரிப்பது என்பதே கேள்வி. 2011இல் தில்லி போலீஸ் வேலை தொடர்பான வழக்கில், இளவயதுத் தவறைக் காலம் முழுக்கச் சுமத்தக்கூடாது என்ற உச்சநீதிமன்றம், ரொட்டி திருடிய ழான் வல்ழானை நினைவூட்டியது. நம்மிடம் 'ஏழை படும் பாடு' என்று வந்த அதே கதை. 2016இல் மூன்று நீதிபதிகள் அமர்வு, இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தாலும் பொருட்படுத்தாமல் விடலாம் என்றது. 'விடலாம்' என்றுதான் சொன்னது, 'விட வேண்டும்' என்றல்ல. உண்மையைச் சொன்னவரையும் வேலைக்கு எடுத்தே ஆகவேண்டுமென்று கட்டாயப்படுத்த முடியாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

கருணை அதிகாரியின் விருப்பமாக இருக்கும்வரை அது உரிமையாகாது. போராட்டத்தில் பெயர் எழுதப்பட்ட ஒவ்வொருவருக்கும் இது பொருந்தும். எனவே நாம் கேட்க வேண்டியவை: நிரூபணமான தண்டனையை மட்டும் கணக்கில் எடு, அந்தக் குற்றத்துக்கும் இந்த வேலைக்கும் என்ன தொடர்பு, எத்தனை வருஷமாயிற்று என்று பார், மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடு.