மைக் மாணவர் கையில் இருந்தால்...

காலனித் தெருவிலிருந்து முதல் ஆளாகப் பொறியியல் கல்லூரிக்குப் போன பிள்ளை, முதல் பருவத்தில் இரண்டு அரியரோடு ஊர் திரும்புகிறான். "அவனுக்குப் படிப்பு ஏறாது" என்று ஊர் தீர்ப்பு சொல்லிவிடுகிறது. தமிழ் வழியில் படித்தவன் ஆங்கிலத்தில் நடந்த கணக்குப் பாடத்தை எப்படிப் பின்தொடர்ந்தான், சந்தேகம் கேட்க யார் இருந்தார்கள் என்று எவரும் விசாரிப்பதில்லை.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள பர்டியூ பல்கலைக்கழகத்தில் இதைவிட மோசமான நிலை இருந்தது. 1960-களின் இறுதியில் அங்கே பொறியியல் சேர்ந்த கறுப்பின முதலாண்டு மாணவர்களில் 80 சதவீதம் பேர் பாதியிலேயே வெளியேறினார்கள். 1971-ல் எட்வர்ட் பார்னெட், ஃபிரெட் கூப்பர் என்ற இரண்டு மாணவர்கள் பொறியியல் துறைத் தலைவரைச் சந்தித்தார்கள். எங்கள் பிள்ளைகளைச் சேர்க்கவும், சேர்ந்தவர்களைத் தக்கவைக்கவும் எங்களுக்கென ஓர் அமைப்பு வேண்டும் என்றார்கள். அமைப்பு பிறந்தது.

அதைச் சிகாகோ நகரத்து மாணவர்கள் ஆறு பேர் வளர்த்தெடுத்தார்கள். அவர்களில் ஒருவரான ஆண்டனி ஹாரிஸ், நாட்டிலுள்ள பொறியியல் கல்லூரிகளின் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார். உங்கள் கல்லூரியில் உள்ள கறுப்பின மாணவர் தலைவர்களையும் பேராசிரியர்களையும் அடையாளம் காட்டுங்கள் என்று கேட்டார். 1975 ஏப்ரல் 10 முதல் 12 வரை பர்டியூவில் முதல் மாநாடு கூடியது. 32 கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள் 48 மாணவர்கள் மட்டுமே. 'கறுப்பினப் பொறியாளர் தேசியச் சங்கம்' அங்கேதான் உருவானது.

இன்று அதில் 20,000-க்கும் அதிகமானோர் உறுப்பினர்கள். பொன்விழா ஆண்டான 2025-ல் மாநாடு சிகாகோவிலேயே நடந்தது. பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆள் எடுக்க அங்கே வந்து கடை விரிக்கின்றன. ஆனாலும் சங்கத்தின் தேசியத் தலைவர் பொறுப்பில் இருப்பவர் ஒரு கல்லூரி மாணவர்தான். நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பதும் மாணவப் பிரதிநிதிகளே. மேடையில் நின்று அமர்வை நடத்திப் பழகிய மாணவர், நேர்காணல் அறைக்குள் தலைகுனிந்து நுழையமாட்டார்.

இந்தக் கதை நமக்கு அந்நியமானது இல்லை. தீண்டப்படாதோர் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பர் நிலைக்கும் நிறைய ஒற்றுமை உண்டு என்று 1946-லேயே அறிஞர் டூ போய்ஸுக்குக் கடிதம் எழுதியவர் அண்ணல் அம்பேத்கர். 2023 டிசம்பரில் மக்களவையில் ஒன்றிய அரசு சொன்ன கணக்கைப் பாருங்கள். ஐந்து ஆண்டுகளில் ஐஐடிகளிலிருந்து மட்டும் 1,068 பட்டியல் சாதி மாணவர்கள் இடைநின்றிருக்கிறார்கள். நுழைவுத் தேர்வில் வென்று உள்ளே போனவர்கள் இவர்கள். இவர்களுக்குப் படிப்பு ஏறாது என்று யார் சொல்ல முடியும்?

சாதிப் பாகுபாட்டைத் தடுப்பதும் உதவித்தொகையை உரிய நேரத்தில் தருவதும் அரசின், கல்லூரியின் கடமை. அதைக் கேட்டுப் போராடத்தான் வேண்டும். அதுவரை காத்திருக்காமல் நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. மூன்றாம் ஆண்டு படிக்கும் அக்கா, முதலாண்டுத் தம்பிக்கு ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் கணக்குச் சொல்லித் தரலாம். முதல் பட்டதாரிச் சான்றிதழை எப்போது வாங்குவது, போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது, அரியர் விழுந்தால் எப்படி எழுந்து வருவது என்பதை அந்த வழியில் நடந்தவர் சொன்னால் தெளிவாகப் புரியும்.

வரும் ஏப்ரல் 14 அன்று சிலைக்கு மாலை போட்ட பிறகு, படிப்பகத்தில் ஒரு பகல் பொழுதை ஒதுக்குவோம். வெளியூர்ப் பேச்சாளரைத் தேட வேண்டாம். நம் தெருவில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளிடம் மைக்கைக் கொடுப்போம். பெரியவர்கள் எதிரே உட்கார்ந்து கேட்போம். பர்டியூவில் தொடங்கியபோது 48 பேர் இருந்தார்கள். நம் தெருவில் நான்கு பேர் இருந்தாலும் தொடங்கலாம்.